கருக்கு மட்டையும் ஒரு கொப்பியும்: எழுத்தாளர் பாமாவிடமிருந்து நாம் கற்பவை

எமது கரையோரக் கிராமங்களில் வாழும் பெண்கள் தமது கதையைச் சொல்லாதவர்கள் அல்லர். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடாகச் சொல்லியிருக்கிறார்கள். நிவாரணத்திற்காகக் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லியிருக்கிறார்கள். சுனாமியின் பின்னர் வந்த நிறுவனங்களின் படிவங்களிலும் சொல்லியிருக்கிறார்கள். 2010ஆம் ஆண்டு நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2016ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என ஒவ்வொரு கதவிலும் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்ன தாய்மாரை எனக்குத் தெரியும். அந்தப் படிவங்கள் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் திகதியையும் இடத்தையும் கேட்டன. அன்று இரவு பிள்ளைகளுக்கு என்ன சாப்பாடு கொடுத்தாய், அடுத்த நாள் உன் வீட்டுப் படலையைத் திறந்து வந்தவர் யார், வராதவர் யார் என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை.

படிவம் கேட்காத அத்தகைய கேள்விகளுக்கு உட்கார்ந்து விடை எழுதிய ஒரு பெண் தமிழ்நாட்டில் இருக்கிறார். அவர்தான் எழுத்தாளர் பாமா. நாவலாசிரியர், பாடசாலை ஆசிரியை, ஒரு காலத்தில் கன்னியாஸ்திரியாகவும் இருந்தவர். அவர் அனுபவித்தது சாதிக் கொடுமை. நாம் அனுபவித்தது யுத்தம். ஆயினும் பாண்டிருப்பு, மருதமுனை, நற்பிட்டிமுனை ஆகிய இடங்களிலிருந்து வரும் எமது மகளிர் வட்டத்தில் அவருடைய எழுத்தை நான் வாசித்துக் காட்டியபோது, "இது நம்மட கதைதானே புள்ள" என்றுதான் வயது வந்த ஒரு ராத்தா முதலில் சொன்னார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை விளக்குவதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

யார் இந்தப் பாமா?

1958ஆம் ஆண்டில், இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள புதுப்பட்டி என்ற கிராமத்தில் பாமா பிறந்தார். இயற்பெயர் பாஸ்டினா மேரி பாத்திமா ராணி. இந்தப் பெயரை வாசித்ததும் எமது வட்டத்தில், "பாத்திமாவா? நம்மட பேரல்லவா?" என்று ஒரு சலசலப்பு எழுந்தது. போர்த்துக்கல் நாட்டில் பாத்திமா என்றொரு ஊர் உண்டு. அங்கு 1917ஆம் ஆண்டு மாதா காட்சி கொடுத்ததாகக் கத்தோலிக்கர் நம்புகின்றனர். அதனால் உலகெங்கும் கத்தோலிக்கப் பெண்பிள்ளைகளுக்கு இப்பெயரைச் சூட்டுகிறார்கள். அந்த ஊரின் பெயரோ அரபு மொழியிலிருந்து வந்தது. பெயர்கள் நம்மைவிடத் தாராளமாக எல்லை கடக்கின்றன.

பாமாவின் குடும்பம் பறையர் சமூகத்தைச் சேர்ந்தது. முன்னைய தலைமுறையிலேயே கத்தோலிக்கராக மாறிவிட்டார்கள். தகப்பனார் இந்திய இராணுவத்தில் வேலை செய்தார். பாட்டிமார் நிலவுடைமையாளர்களின் காடுகளிலும் வீடுகளிலும் கூலி வேலை செய்தார்கள். மதம் மாறினால் தீண்டாமை போய்விடும் என்று நம்பியவர்களுக்கு அது போகவில்லை. போதாக்குறைக்கு, 1950ஆம் ஆண்டின் இந்திய ஜனாதிபதி ஆணை, பட்டியல் சாதியினருக்கான சலுகைகளை இந்துக்களுக்கு மட்டுமே உரியதாக்கியது. பின்னர் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் சேர்க்கப்படவில்லை. இதனால் தலித் கிறிஸ்தவர் ஊரிலும் கோயிலிலும் அரசாங்கக் கந்தோரிலும் ஒதுக்கப்பட்டவர்களானார்கள்.

சிறுமியாக இருந்தபோது பாமா தெருவில் ஒரு காட்சியைக் கண்டார். ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டியிருந்த நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நிலக்காரரிடம் கொடுத்தார். அதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னபோது, அவர் சிரிக்கவில்லை. அந்த மனிதர் தொட்டால் பொட்டலம் தீட்டாகிவிடும் என்பதை விளக்கி, நீ நன்றாகப் படி, படிப்புத்தான் இதற்கு வழி என்றார். அந்த வார்த்தையைப் பாமா பிடித்துக்கொண்டார். வாசிப்பில் ஊறிய குடும்பம் அது. அவருடைய சகோதரர் ராஜ் கௌதமனும் தமிழின் முக்கியமான ஆய்வாளராகவும் நாவலாசிரியராகவும் விளங்கி 2024ஆம் ஆண்டு காலமானார்.

ஆண்கள் ஓடிய ஊரில் பெண்கள்

பாமாவின் முதல் நூலான ‘கருக்கு’ 1992ஆம் ஆண்டு வெளிவந்தது. கருக்கு என்பது பனைமட்டையின் இரு விளிம்பிலும் உள்ள அரம் போன்ற பல். விறகு பொறுக்கும்போது அது கையைக் கீறும். எமது பெண்களுக்கு இதை விளக்கவே தேவையிருக்கவில்லை. பலர் உள்ளங்கையைக் காட்டினார்கள். வேதாகமத்தில் இறைவார்த்தை இருபுறமும் கூர்மையான வாளுக்கு ஒப்பிடப்படுகிறது. அந்த எண்ணத்தையும் பாமா இத்தலைப்பில் சேர்த்தே வைத்திருக்கிறார்.

நூலின் ஒரு பகுதி எங்களை மிகவும் பாதித்தது. மயானம் தொடர்பாகப் பாமாவின் சமூகத்தவருக்கும் சாலியர் சமூகத்தவருக்கும் தகராறு ஏற்படுகிறது. பொலிஸார் ஒரு பக்கம் சார்ந்து வந்து, கண்ட ஆண்களையெல்லாம் அடித்துப் பிடித்துச் செல்கிறார்கள். எஞ்சிய ஆண்கள் காட்டுக்கு ஓடி ஒளிகிறார்கள். ஊரில் பெண்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். அந்நேரம் ஒரு வீட்டில் பிள்ளை இறந்துவிடுகிறது. ஒளிந்திருந்த தகப்பனுக்குச் சேலை கட்டிப் பெண்ணைப் போல் அழைத்து வந்துதான் அந்தப் பிள்ளைக்குரிய காரியத்தைச் செய்கிறார்கள்.

இதை வாசித்து முடித்ததும் நெடுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு சுற்றிவளைப்புக் கதைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. தம்பியைப் பாயில் சுற்றி மூலையில் நிறுத்தி வைத்த கதை, 1990இல் போன மகனுக்காக இன்றும் ஒரு கோப்பை கூடுதலாகத் தேநீர் ஊற்றுகிற கதை. எமது தமிழ்ச் சகோதரிகளும் முஸ்லிம் சகோதரிகளும் ஒருவர் கதையை ஒருவர் முழுமையாகக் கேட்டது அன்றுதான். தமிழ்நாட்டில் நடந்த ஒன்றை முதலில் கேட்டதால், யார் யாருக்குச் செய்தது என்ற கணக்கு நடுவே வந்து நிற்கவில்லை. உளவளத்துணைப் பயிற்சிகளில் நான் படித்த விடயம்தான் இது. தன் காயத்தை நேரே பேச முடியாதவர் பிறர் கதையின் வழியாகப் பேசுவார். அதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

மடமும் கடவுளும்

ஆசிரியையாக வேலை பார்த்துவந்த பாமா, ஏழைப் பிள்ளைகளுக்கு உதவ வேண்டுமென்ற எண்ணத்தில் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். வீட்டார் விரும்பவில்லை. பயிற்சிக் காலத்திலேயே, தாழ்த்தப்பட்ட பெண்களைச் சில சபைகளில் சேர்ப்பதில்லை என்பதை அறிந்து அதிர்ந்தார். ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்த மடத்தில் வசதியான வாழ்க்கையைக் கண்டார். சேவை செய்யச் சென்ற பாடசாலையில் பணக்காரப் பிள்ளைகள் படித்தார்கள். தன் சமூகத்துப் பிள்ளைகள் கூட்டிக் கழுவினார்கள். ஏழு வருடங்கள் இருந்துவிட்டு வெளியேறினார். கையில் வேலையில்லை, காசில்லை. முப்பது வயது கடந்த தனிப்பெண். அந்த நிலையில்தான், நண்பர் ஒருவர் ஊக்கப்படுத்த, சிறுவயது முதலான நினைவுகளை எழுதத் தொடங்கினார். அதுவே ‘கருக்கு’ ஆயிற்று. எழுதியது தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளவே என்று அவர் பல இடங்களில் கூறியிருக்கிறார்.

நான் முக்கியமாகக் கருதும் விடயம் ஒன்றுண்டு. மடத்தைவிட்டு வந்தாலும் கடவுளை அவர் விட்டுவிடவில்லை. நிறுவனம் செய்த அநீதியையும் தன் விசுவாசத்தையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தார். சிறுவயதில் தனக்குப் பயத்தோடு கற்பிக்கப்பட்ட கடவுளை விடுத்து, ஒடுக்கப்பட்டவர் பக்கம் நிற்கும் இயேசுவை வேதாகமத்தை வாசித்துத் தானே கண்டுகொண்டதாக எழுதுகிறார்.

இது நமக்கு ஏன் முக்கியம்? எமது ஊரில் ஒரு பெண் கேள்வி கேட்டால், ‘மார்க்கத்துக்கு மாறு’ என்ற ஒரே பதிலோடு வாயை அடைத்துவிடுகிறார்கள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் மணமகளின் கையொப்பம் கட்டாயமாக்கப்படவில்லை. காதி நீதிபதியாகப் பெண் வர இடமளிக்கப்படவில்லை. இவற்றைத் திருத்தும்படி பெண்கள் பல தசாப்தங்களாகக் கேட்டு வந்தார்கள். 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் நியமிக்கப்பட்ட குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது. இடைப்பட்ட காலத்தில் கேட்ட பெண்கள் பட்ட ஏச்சுப் பேச்சுகள் கொஞ்சமல்ல.

ஆனால் குர்ஆனிலேயே, கணவன் செய்த அநீதியை நபியவர்களிடம் வந்து வாதிட்ட பெண்ணின் பெயரால் ஓர் அத்தியாயம் உண்டு: 58ஆவது சூறா, அல் முஜாதலா. அந்தப் பெண் கவ்லா பின்த் தஃலபா. அவருடைய முறைப்பாட்டை அல்லாஹ் செவியுற்றதாகவே அந்த அத்தியாயம் தொடங்குகிறது. லூக்காவின் நற்செய்தியிலும் அநீதியுள்ள நீதிபதியின் வாசலில் விடாமல் நின்று நியாயம் பெற்ற ஒரு விதவையின் உவமை இருக்கிறது. கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்து தேய்ந்த எமது பெண்கள் இந்த இருவரையும் தமக்குத் தெரிந்தவர்களாகவே உணர்ந்தார்கள். உள்ளே இருந்துகொண்டே நியாயம் கேட்பது வேதங்களில் இடம்பெற்ற செயல்.

குடும்பத்திற்குள் நடப்பவை

1994இல் வந்த ‘சங்கதி’ நாவலில் ஒரு தனிக் கதாநாயகி இல்லை. பாட்டி, பேத்தி, கூலிப்பெண், தீப்பெட்டிக் கம்பனிக்குப் போகும் சிறுமி எனப் பலரின் கதைகள் ஒரு தெருவில் கேட்பது போலவே வருகின்றன. அதில் மாரியம்மா என்ற பெண்ணிடம் நிலக்காரர் ஒருவர் தகாத முறையில் நடக்க முயல்கிறார். அவள் தப்பி ஓடுகிறாள். அவரோ முந்திக்கொண்டு அவள்மீதே பழிபோடுகிறார். பஞ்சாயத்து அவளையே குற்றவாளியாக்குகிறது. அவளோடு சேர்த்துப் பழிசுமத்தப்பட்ட இளைஞனைவிட அவளுக்கு அதிகத் தண்டம். உண்மையை அறிந்த பெண்கள் கூட்டத்தில் வாய்திறக்க முடியாமல் நிற்கிறார்கள். எமது பிணக்குத் தீர்க்கும் கூட்டங்களிலும் பெண்கள் எங்கே நிற்கிறார்கள், யார் பேசுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பேய் பிடிப்பது ஏன் பெண்களுக்கே நடக்கிறது என்றும் அந்நாவல் கேட்கிறது. வயலிலும் வீட்டிலும் ஓயாத உழைப்பு, இரவில் கணவனின் அடி, சொல்லியழ இடமில்லாமை. இவ்வளவும் சேர்ந்து மனம் உடைவதையே ஊர் பேய் என்கிறது என்பது அவர் கருத்து. நாம் இதை ‘ஜின்’ என்போம். ஓதிப் பார்ப்பதை நான் குறை கூறவில்லை. அது பலருக்கு மனத்தென்பு தருகிறது. அத்தோடு வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கும் கூட்டிச் செல்லுங்கள் என்பதே எனது வேண்டுகோள்.

மணவாழ்வு நரகமானாலும் பிரியக் கூடாதென்ற திருச்சபை ஒழுங்கு கத்தோலிக்கப் பெண்களுக்கு மேலுமொரு பாரமாகிறது என்பதையும் ‘சங்கதி’ சொல்கிறது. எமது கரையோரத்தில் நிலைமை வேறு. தமிழரும் முஸ்லிம்களும் மகளுக்கே வீட்டைச் சீதனமாகக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அடி வாங்கினாலும் வீடு அவள் பெயரில் இருந்தது ஒரு பலம். ஆனால் 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் அந்த வீடுகளைக் கொண்டுபோனது. பின்னர் கட்டிக்கொடுத்த வீடுகளில் பல ‘வீட்டுத் தலைவர்’ என்ற பெயரில் கணவன்மாருக்கு எழுதப்பட்டன. தாய்வழியாக வந்த சொத்து ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தில் கைமாறியது. குடும்பம் என்பது பாசம் மட்டுமல்ல, உறுதிப் பத்திரமும்தான் என்பதை எமது பெண்கள் பட்டே அறிந்தார்கள்.

பாமா திருமணம் செய்யவில்லை. உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆசிரியையாகப் பணியாற்றி, தன் உழைப்பில் வீடு கட்டி வாழ்ந்தார். தனித்து வாழும் பெண்ணைச் சமூகம் எப்படிப் பார்க்கிறதென்பதை அவர் எழுதியிருப்பதை, பெண் தலைமை தாங்கும் குடும்பங்களைச் சேர்ந்த எமது சகோதரிகள் தலையசைத்துக் கேட்டார்கள்.

வாயில் வரும் மொழி

பாமா தன் ஊர்ப் பெண்கள் பேசும் தமிழிலேயே எழுதினார். இது என்ன தமிழ், இலக்கியமா, கொச்சை என்று படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஊரவரோ தமது மானம் போனதாகக் கோபித்தார்கள். ஏறத்தாழ ஏழு மாதங்கள் அவரால் சொந்த ஊருக்குள் போக முடியவில்லை. பின்னர் அதே ஊர் அவரை ஏற்றுக்கொண்டது. லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ரோம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ‘கருக்கு’ 2000ஆம் ஆண்டில் வெளிவந்து விருதும் பெற்றது. இருப்பினும் எதிர்ப்பு ஓயவில்லை. 2021இல் டில்லிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து ‘சங்கதி’ நீக்கப்பட்டது. சுகிர்தராணி, மகாசுவேதா தேவி ஆகியோரின் ஆக்கங்களும் அவ்வேளையில் நீக்கப்பட்டன.

விருதுநகர்ப் பேச்சு எமக்குத் தொடக்கத்தில் புரியவில்லை. இரண்டு பக்கம் போனதும் அதன் ஓசை பிடிபட்டுவிட்டது. "இப்படிப் பேசுறபடியே எழுதலாமென்டா நானும் எழுதுவேன் மிஸ்" என்று தறியில் வேலை செய்யும் ஒரு தங்கை சொன்னாள். பாமாவின் எழுத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இருக்க முடியாது.

இது நமக்கு முற்றிலும் புதிதுமல்ல. இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும் ‘அசன்பேயுடைய சரித்திரம்’ 1885இல் சித்திலெப்பை என்ற முஸ்லிம் அறிஞரால் எழுதப்பட்டது. 1914இல் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவப் பெண்ணான மங்களநாயகம் தம்பையா ‘நொறுங்குண்ட இருதயம்’ என்ற நாவலில் ஒரு மனைவி படும் துன்பத்தை எழுதினார். எமது சாய்ந்தமருதைச் சேர்ந்த அனார் இன்று தமிழுலகம் அறிந்த கவிஞர்.

இரண்டு அயல் கிராமத்தார்

2002இல் வந்த ‘வன்மம்’ நாவலை நான் கல்முனைக்காரர் ஒவ்வொருவரிடமும் கொடுக்க விரும்புகிறேன். ஒரே கிராமத்தில் பள்ளர், பறையர் என்ற ஒடுக்கப்பட்ட இரு சமூகத்தார் வாழ்கிறார்கள். ஒரு பகுதியினர் இந்துக்கள், மறு பகுதியினர் கிறிஸ்தவர்கள். மேலேயுள்ளவர்கள் தூண்டிவிட, ஒருவரையொருவர் வெட்டிக் கொல்கிறார்கள். இழவு வீடுகள் இரு தெருவிலும். இலாபம் இரு தெருவுக்கும் இல்லை. முடிவில் படித்த இளைஞர்கள் முயன்று இரு சமூகமும் சேர்ந்து உள்ளூராட்சித் தேர்தலில் வெல்கிறார்கள்.

எமது பிரதேச செயலகப் பிரச்சினையை, காணிப் பிரச்சினையை, பழைய கொலைகளை ஒரு நாவல் தீர்த்துவிடும் என்று நான் கூறவில்லை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் சின்னஞ்சிறு பிள்ளைகளும் பலியானார்கள். ஐந்து நாட்களின் பின் சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் நடந்த வெடிப்பிலும் பிள்ளைகள் இறந்தார்கள். அதன்பின் முகத்தையும் உடையையும் காரணம் காட்டி அவமதிக்கப்பட்டவர்கள் எமது பெண்கள். பெயர் கேட்டதும் ஒருவரையொருவர் சந்தேகிக்கும் காலம் அது. அத்தகைய ஊரில் முஸ்லிம் பெண்கள் ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் துயரைக் கேட்டுக் கண்ணீர் விட்டது சிறிய விடயமல்ல.

நாம் என்ன செய்யலாம்?

எமது வட்டத்தில் சென்ற வருடம் முதல் ஆளுக்கொரு கொப்பி கொடுத்தோம். அனுபவத்தில் கண்ட சிலவற்றை உங்களோடு பகிர்கிறேன்.

முதலாவது, பேசுகிறபடியே எழுதுங்கள். எழுத்துப் பிழை பார்க்க வேண்டாம். எழுதத் தெரியாத தாய் சொல்ல, மகள் எழுதலாம்.

இரண்டாவது, பெரிய சம்பவத்தில் தொடங்காதீர்கள். அன்று சமைத்த கறி, வீட்டு முற்றத்து மரம், மூத்தம்மாவின் பேச்சு என்று தொடங்குங்கள். மற்றது தானாக வரும்.

மூன்றாவது, கொப்பியை யார் வாசிக்கலாம் என்பதை எழுதியவரே தீர்மானிக்க வேண்டும். எவரையும் எழுதச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. வெளியே காட்டுவதனால் பெயர்களை மாற்றிவிடுங்கள். பாமாவே ஊருக்குள் போக முடியாமலிருந்தார் என்பதை மறக்க வேண்டாம்.

நான்காவது, எழுதும்போது கை நடுங்கினால், தூக்கம் கெட்டால் நிறுத்திவிட்டு நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். பெண்களுக்கான 1938, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 ஆகிய இலக்கங்களுக்கும் அழைக்கலாம்.

இதுவரை எட்டுக் கொப்பிகள் நிரம்பியுள்ளன. சில என்றைக்கும் வெளியே வராது. அது அவர்களின் உரிமை. ஒரு கொப்பியில் காணாமற்போன மகனுக்குப் பிடித்த மீன் கறியைச் சமைக்கும் முறை மட்டும் நான்கு பக்கத்தில் இருக்கிறது. அதை எழுதிய உம்மா, "எந்த ஒபிஸிலயும் இதைக் கேக்கல்ல மகள்" என்றார். உங்களிடமும் எவரும் கேட்காத கதை இருக்கும். ஒரு கொப்பியை எடுத்து வையுங்கள், சகோதரிகளே.